நாலாவது இழுப்பு

மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். இருமல் கிருமல் இருந்தால் மறைக்காமல் எழுது.

சந்து அடங்கிவிட்டது. இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு வைத்துக் கட்டிவிட்டார்கள். தைத்து முடித்த துணி ஒன்பது உருப்படி மடித்தபடி கிடக்கிறது, வாங்கிப்போக ஆளில்லை. மிஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைக்கிறேன். வேலை இல்லாததால் மறுபடியும் எண்ணெய் விட்டுத் துடைக்கிறேன்.

என் கஷ்டம் வேறு. ஊரில் ஒருவருக்கும் வாய் இல்லை. எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். ஒன்பது வயதில் காய்ச்சல் என் காதைக் கொண்டுபோனபோதுகூட நான் இவ்வளவு செவிடாக இல்லை. உதட்டைப் பார்த்துப் பாதியைப் படித்துவிடுவேன், மீதியை நீ சொல்லிவிடுவாய். இப்போது புருவம் மட்டும்தான் தெரிகிறது. புருவத்தை வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் படிப்பது?

ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ தினமும் வருகிறது. அது வந்தால் எல்லாரும் ஓடுகிறார்கள். ஒரு நாள் குடத்தோடு, ஒரு நாள் பையோடு. ஒரு நாள் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தண்ணீர் லாரியை இரண்டு தடவை விட்டுவிட்டேன். மூன்றாம் தடவை உஷாராகக் குடத்தோடு போய் நின்றேன். மற்ற எல்லாரும் பையோடு நின்றார்கள்.

எதிர்வீட்டு ஆபரேட்டர் பாடு இன்னும் மோசம். உனக்குத் தெரியுமே, ஆஸ்பத்திரி போன் போர்டில் முப்பது வருஷம் இருந்த கண் தெரியாதவர். பிடித்துக்கொண்டு நடக்க அவருக்கு ஒரு தோள் கிடைக்கவில்லை, தொட எல்லாரும் பயப்படுகிறார்கள். அவருக்கு எல்லாம் காதில் விழுகிறது, போகத்தான் வழியில்லை. எனக்குப் போக முடிகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. நல்ல பொருத்தம் என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

நீ எப்போது வருவாய்? நீ இருந்தால் இது எதுவும் எனக்குக் கஷ்டமே இல்லை.

உன் தங்கை

*

ஏப்ரல் 9

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் பத்து நாள் ஊர் சுற்றிவிட்டு நேற்றுதான் கைக்கு வந்தது. மருந்து தெளித்து வெயிலில் காயவைத்துக் கொடுத்தார்கள். எழுத்து கொஞ்சம் கலைந்திருந்தாலும் புலம்பல் முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது, சாப்பாட்டின் வாசனையும் தெரிகிறது. அதற்கு மேல் இப்போது என்ன வேண்டும்?

துறைமுகத்தை மூடவில்லை. கப்பல் வந்தால் சரக்கை இறக்கித்தான் ஆகவேண்டும். அதனால் எங்களை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒரு கொட்டகையில் முப்பத்தெட்டுப் பேர். கிரேன் அறைக்கு ஏறினால்தான் எனக்கு நிம்மதி, அங்கே நான் ஒருவன்தான். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது. கீழே நிற்கிற சிக்னல்காரர் கையைக் காட்டுவார், அதைப் பார்த்து ஏற்றுவேன், இறக்குவேன். யோசித்துப் பார்த்தால் உன் அண்ணன் பிழைப்பதும் ஒரு செவிட்டுப் பிழைப்புத்தான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். சித்திக்கு எழுதியிருக்கிறேன். தடுப்பை எடுத்ததும் அவள் வீட்டுக்குப் போய்விடு. பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது. அந்த வீட்டில் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, உனக்கு வேண்டியதை அவர்களே கேட்டு வாங்கித் தருவார்கள். அதுவரை வெளியே போனால் சீட்டில் எழுதிக் காட்டு. வாயைத் திறக்காதே. ஜனங்கள் எரிச்சலில் இருக்கிற நேரம். அந்தக் கடையில் நடந்தது உனக்கு மறந்திருக்காது.

உடம்பைக் கவனித்துக்கொள். சித்திக்கு நீயும் ஒரு வரி எழுது.

அண்ணன்

*

ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீ நலமா? கொட்டகையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் உன் பாயைத் தள்ளிப் போட்டுக்கொள்.

உனக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். போன வாரம் தைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக ஒரு செருப்பு வந்து மடியில் விழுந்தது. எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலோடு எழுந்தேன். பார்த்தால் எதிர் ஜன்னலில் ஆபரேட்டர் நிற்கிறார். மாஸ்க்கை இறக்கிவிட்டு "தண்ணி லாரி, தண்ணி லாரி" என்று என் வீட்டைப் பார்த்து வாயசைக்கிறார். தடியால் தடவிக்கொண்டு வந்து என் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். அப்புறம்தான் அவருக்குப் புத்திக்கு எட்டியிருக்கிறது, செவிடிக்குக் கதவைத் தட்டி என்ன பிரயோசனம் என்று.

ஓடிப்போய் எனக்கு நாலு குடமும் அவருக்கு நாலு குடமும் பிடித்தேன். மறுநாள் இரண்டாவது செருப்பும் வந்து விழுந்தது. அன்றைக்குக் காய்கறி வண்டி. மூன்றாம் நாள் எறிய அவரிடம் செருப்பு இல்லை. அவை இரண்டும் என்னிடம் இருக்கின்றன என்று நான் எப்படிச் சொல்வது? சீட்டில் எழுதிக் காட்ட முடியுமா அவரிடம்? ஜன்னலுக்குப் போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "உங்க செருப்பு எங்கிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணா, பதினோரு வயதுக்கு அப்புறம் உன்னையும் அம்மாவையும் தவிர வெளி ஆள் ஒருவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா போன பிறகு உன்னிடம் மட்டும்தான். மொத்தம் இருபத்திரண்டு வருஷம்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "லைன் கிளியரா இருக்கும்மா. கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதான். இதைவிட மோசமா பேசின பெரிய டாக்டருக்கெல்லாம் நான் கனெக்ஷன் குடுத்திருக்கேன்."

இப்போது எங்கள் இரண்டு ஜன்னலுக்கும் நடுவே ஒரு கயிறு ஓடுகிறது. கையிலிருந்த நாடாவையெல்லாம் நீளமாகச் சேர்த்துத் தைத்தேன். ஒரு முனை அவர் ஜன்னல் கம்பியில். மறுமுனை என் பொத்தான் பையில். பை என் முழங்கையில் இடிக்கிற மாதிரி மிஷின் பக்கத்தில் தொங்குகிறது. ஒரு இழுப்பு என்றால் ஜன்னலுக்கு வந்து என் வாயைப் பார் என்று பொருள். நான் போய் "சொல்லுங்க" என்பேன், அவர் மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சொல்வார். இரண்டு இழுத்தால் தண்ணீர் லாரி, குடத்தோடு ஓடவேண்டும். மூன்று இழுத்தால் சாமான் வண்டி, பையோடு ஓடவேண்டும்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கடையில் நான் பென்சில் கேட்டபோது கடைக்காரர் கையில் ஒரு மிட்டாயும் கொடுத்தார். நான் திரும்பியதும் எல்லாரும் என் குரலைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று வெளியே வந்து நீ சொன்னாய். மிட்டாயைச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தேன். என் குரல் அவ்வளவு மோசமா? ஆபரேட்டர் என்னிடம் பரிதாபப்பட்டுச் சொல்கிறாரா? அதை எனக்குச் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான். உண்மையை எழுது.

உன் தங்கை

*

மே 18

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்பு நலம். மூன்று வாரம் தபால் ஓடவில்லை, அதுதான் தாமதம்.

கயிறு, செருப்பு எல்லாம் படித்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இது விளையாட்டு. கண் தெரியாத ஒரு மனிதரை நம்பி ஒரு நாடாவில் எத்தனை நாள் குடித்தனம் பண்ணுவாய்? உன் இழுப்புக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சரி, அதை விடு, நேரில் சொல்கிறேன்.

சித்தி பதில் போட்டுவிட்டாள். அறையைக் கழுவி வைத்திருக்கிறாளாம். தடுப்பை எடுத்த அன்றே கிளம்பு. மிஷினைப் பிறகு நான் வந்து கொண்டுவருகிறேன்.

மழை வந்தால் ஜன்னலைச் சாத்து, உனக்குச் சளி பிடித்துக்கொள்ளும்.

அண்ணன்

*

மே 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். சளி இல்லை. என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய்.

சித்தி வீட்டுக்கு நான் போகவில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணத்தைக் கேள்.

மூன்றாம் வீட்டு மெக்கானிக்கைத் தெரியும் அல்லவா, லாரிக்கு அடியில் மாட்டி இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். அவருக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற வாரம் ஒரு நர்ஸ் வருவாள். மார்ச்சோடு நின்றுவிட்டது. அவர் மனைவி பழைய குழாயையே கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்துப் போட்டிருக்கிறாள். அதை அவள் ஆபரேட்டரிடம் அழுதுகொண்டே சொல்ல, அவர் கயிற்றை இழுக்க, அப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் ஒவ்வொரு வீடாகக் கதவுக்கு வெளியே நின்று சீட்டு நீட்டிக் கேட்டேன். நம் சந்தும் பின்னால் இருக்கிற சந்தும் சேர்த்துப் பதினேழு வீடு, அண்ணா. படுக்கைப் புண்ணுக்கு மருந்துத் துணி வேண்டியவர்கள், சக்கர நாற்காலியில் டயர் போய் வாசலைத் தாண்ட முடியாதவர்கள். ஏழாம் வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு வலிப்பு மாத்திரை ஒரு வேளை தவறக்கூடாது. இத்தனை நாளும் இவர்களெல்லாம் இங்கேதான் இருந்திருக்கிறார்கள். நானே பார்த்ததில்லை.

நிவாரண அலுவலகத்தில் எங்களுக்கெல்லாம் மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டியலில்தான் எங்கள் பெயர் இல்லை. ஆபரேட்டர் தினமும் காலை பத்து மணிக்கு அவர்களுக்குப் போன் போடுகிறார். நான் ஜன்னலில் நின்று பட்டியலைப் படிக்கிறேன், அவர் அதைத் தன் போர்டுக் குரலில் அங்கே சொல்கிறார். அவர் கழுத்து நிமிர்வதைப் பார்க்க வேண்டுமே! வேலை போய் ஆறு வருஷமாயிற்று, இப்போதுதான் டியூட்டிக்கு வந்த மாதிரி சட்டைப் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறார். "முடியாதுன்னு சொல்றவங்களை வைக்க விடக்கூடாதும்மா. லைன்லயே வச்சிருக்கணும்" என்கிறார். அலுவலகத்து அம்மாள் மூன்று வாரம் தாக்குப்பிடித்தாள். இப்போது செவ்வாயும் வெள்ளியும் மருந்து வேன் வருகிறது. சாமான் வண்டி நின்றுவிட்டதால் மூன்று இழுப்பை வேனுக்கு மாற்றிக்கொண்டோம். அது தெருமுனையில் பத்து நிமிஷம்தான் நிற்கும். மூன்று இழுப்பு வந்ததும் பட்டியலை எடுத்துக்கொண்டு பறக்கவேண்டும்.

நான் போய்விட்டால் அவர் கயிற்றை யாருக்கு இழுப்பார்?

உன் தங்கை

*

ஜூன் 8

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கொட்டகையில் இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டினேன். செருப்பு விழுந்த கதையை இப்போது சாப்பிடும்போதெல்லாம் கேட்கிறார்கள்.

சித்தி பேச்சை இனி எடுக்கவில்லை. நீயே ஒரு முடிவுக்கு வந்தபிறகு நான் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எங்கள் சிக்னல்காரரைப் போன திங்கட்கிழமை காய்ச்சலோடு கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் திரும்பவில்லை. புதிதாக வந்தவனுக்குக் கை சரியாக வரவில்லை. மேலிருந்து பார்த்தால் இறக்கச் சொல்கிறானா, எனக்கு வணக்கம் வைக்கிறானா என்று தெரியவில்லை.

இத்துடன் பத்து மீட்டர் நைலான் கயிறு அனுப்பியிருக்கிறேன். சரக்குக் கட்டுகிற கயிறு, மெல்லிசு, ஆனால் அறாது. உன் நாடா முதல் மழைக்கே தொய்ந்துவிடும். ஆபரேட்டர் இப்போது என்ன சொல்கிறார்? அவர் சொல்வதை அப்படியே எழுது. இங்கே எல்லாரும் கேட்கிறார்கள்.

அண்ணன்

*

ஜூன் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். கயிறு வந்தது. நல்ல கயிறு. எடுத்து வைத்திருக்கிறேன்.

இங்கே மழை. பொத்தான் பை கிழிந்துவிட்டது, வேறு தைத்துவிட்டேன். பொத்தான்களைப் பொறுக்க ஒரு நாள் ஆயிற்று. மிஷினுக்கு அடியிலும் ஜன்னல் ஓரத்திலும் போய்க் கிடந்தன.

மருந்து வேன் இரண்டு வாரமாக வரவில்லை.

உன் சிக்னல்காரர் திரும்பிவிட்டாரா?

உன் தங்கை

*

ஜூலை 11

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

சிக்னல்காரர் திரும்பிவிட்டார். பத்து கிலோ இளைத்துவிட்டார், கை மட்டும் பழைய கைதான்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அரைப் பக்கம்கூட இல்லை. ஆபரேட்டர் அதில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உங்களுக்குள் சண்டையா? கயிற்றை ஏன் எடுத்து வைத்தாய், கட்டவில்லையா? வேன் வரவில்லை என்றால் அவர் பத்து மணிக்குப் போன் போடுவதில்லையா?

நான் ஏதாவது எழுதி உன் மனசு நொந்துபோயிருந்தால் அதையும் எழுது. உடனே எழுது.

அண்ணன்

*

ஜூலை 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு நலம். சண்டை எல்லாம் இல்லை. ஆபரேட்டரின் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. ஏன் என்று கேட்காதே, எழுத வரவில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

போன வாரம் ஏழாம் வீட்டு அம்மா வந்து மாத்திரை அட்டையை என் முன்னால் நீட்டினாள். பதினொரு மாத்திரை, ஐந்தரை நாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, போனில் பேசவும் பயம். மெக்கானிக் மனைவி பேசிப் பார்த்தாள். அலுவலகத்தில் "வேன் இல்லை" என்று வைத்துவிட்டார்களாம். அலுவலகத்தில் இருப்பது பழைய மேசைப் போன், எழுத்தில் செய்தி அனுப்பவும் வழியில்லை.

அந்த அட்டையை மிஷின் மேல் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பத்து மணிக்கு ஆபரேட்டர் போனை எடுத்தேன். அவர் அந்த எண்ணைத்தான் கடைசியாகப் போட்டிருந்தார், பச்சைப் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினால் போதும். எடுத்துவிட்டார்களா என்று எப்படித் தெரியும் என்கிறாயா? திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால், எடுத்ததும் நொடி ஓட ஆரம்பிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று. நொடி ஓடினால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேசினேன்.

"அம்மா, நான் ஆபரேட்டர் சந்துலேருந்து பேசறேன். எனக்குக் காது கேக்காது. நீங்க பேசறது எதுவும் எனக்குக் கேக்காது. வேன் அனுப்புங்க. ஏழாம் வீட்டுப் பொண்ணுக்கு வலிப்பு மாத்திரை இன்னும் நாலு நாளைக்குத்தான் இருக்கு. மூணாம் வீட்டுக்குக் குழாய் வேணும்." பதினேழு வீட்டையும் சொன்னேன். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து சொன்னேன். மூன்று தடவை. போன் தாடையில் இடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் பார்த்தால் நொடி நின்றிருந்தது. எப்போது வைத்தார்களோ, யாருக்குத் தெரியும்? மறுபடி போட்டேன்.

நாலு நாள் இப்படியே போயிற்று. அந்த அம்மாள் என்ன சொல்லியிருந்தாலும் எனக்கென்ன, கேட்டால்தானே? ஐந்தாம் நாள் காலையில் கடைசி மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஏழாம் வீட்டு அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு வேன் வந்தது, அண்ணா. டிரைவர் ஒரு சீட்டுக் கொடுத்தார். அலுவலகத்து அம்மாள் எழுதியது: "நாலு நாளும் வேன் இல்லை என்றுதான் சொன்னேன். உங்களுக்குக் கேட்கவில்லை. இன்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ஆபரேட்டர் சார் எங்கே?"

நம் சந்தில் நின்று நான் பேசியதை எல்லாரும் ஜன்னல் ஜன்னலாகக் கேட்டார்கள். சிரித்தார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் உனக்கும் போன் போடுவேன். எடுத்துக் காதில் வை, போதும்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 9

அன்புத் தங்கச்சிக்கு,

நலமா என்று நான் கேட்பதும், நலம் என்று நீ எழுதுவதும் இந்தத் தடவை வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றேகால் மணிக்கு உன் போன் வந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தேன், சோப்புக் கையோடு எடுத்தேன். "அண்ணா, நான்தான்" என்றாய். தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். குறுஞ்செய்தி அனுப்பலாம் என்றால் என் போனில் நம் எழுத்து இல்லை. அதனால் கடிதம்தான். நீ சொன்னதெல்லாம் என்னிடம் ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்று உனக்குத் தெரியாது. எழுதுகிறேன், சரிபார்த்துக்கொள்.

"ஆபரேட்டர் போயிட்டாரு. ஜூன் பன்னெண்டு, வெள்ளிக்கிழமை. வேன் வர்ற நாள். பை மூணு தடவை இடிச்சுது. நான் பட்டியலை எடுத்துக்கிட்டு ஓடிட்டேன். தெருமுனையில ஒரு மணி நேரம் நின்னேன், வேன் வரலை. பெரியவருக்குக் கணக்கு தப்பிடுச்சுன்னு கோவமா திரும்பி வந்தேன். வந்து பாத்தா பை கிழிஞ்சு கிடக்கு, ஜன்னல் வரைக்கும் பொத்தான். அவர் மூணோட நிறுத்தலை. நாலாவதும் இழுத்திருக்காரு, அஞ்சாவதும் இழுத்திருக்காரு, பை கிழியற வரைக்கும் இழுத்திருக்காரு. நான் மூணு எண்ணிட்டு எழுந்து ஓடிட்டேன். மூச்சு விட முடியாம ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. வெள்ளை உடுப்புப் போட்டவங்க வந்து தூக்கிட்டுப் போனாங்க. எங்கேன்னு கத்திக் கேட்டேன். சொன்னாங்களா சொல்லலையா தெரியலை, எல்லாரும் மாஸ்க். மூணாம் நாள் ஒருத்தர் அவர் தடியையும் போனையும் ஒரு பையில கொண்டுவந்து, அவர் போயிட்டாருன்னு சீட்டுல எழுதிக் காட்டினாரு. ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் சிக்னல் வச்சோம், அண்ணா. எங்களுக்குன்னு ஒண்ணு வைக்கலை."

அவ்வளவும் வந்தது. ஒரு சொல்கூட விடவில்லை. இதை ஏன் எழுதாமல் போனில் சொன்னாய் என்றும் புரிந்தது. எழுதினால் என் பதிலைப் படிக்கவேண்டும். போனில் சொன்னால் நான் என்ன சொன்னாலும் உனக்குக் கேட்காது.

ஆனால் பேசி முடித்த பிறகும் நீ வைக்கவில்லை. உன் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் பேசினேன். மூன்று நிமிஷத்துக்கு மேல் இருக்கும், நீ நொடியைப் பார்த்திருப்பாய். அப்போது நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாயால் சொல்லிவிட்டேன், எழுதாமல் விட்டால் அது சொன்னதாகாது.

முதலாவது. கிரேன் வேலையில் ஏற்று, இறக்கு எல்லாம் பிறகுதான். முதல் நாள் கற்றுத்தருவது 'நிறுத்து, ஆபத்து' என்கிற சைகை. அதை யார் காட்டினாலும் நிற்கவேண்டும். உன் கயிற்றுக் கணக்கைப் படித்த அன்றே அதில் அது இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நேரில் சொல்கிறேன் என்று எழுதினேன் அல்லவா, அதுதான். ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எனக்கு உன் மேல் மனத்தாங்கல். இத்தனை வருஷம் நான்தான் உனக்குக் காதாக இருந்தேன், எங்கிருந்தோ ஒருவர் செருப்பை எறிந்து அந்த வேலையை வாங்கிக்கொண்டார் என்று பொருமிக்கொண்டிருந்தேன். கயிறு அனுப்பத் தெரிந்தவனுக்கு அதை எழுதத் தெரியவில்லை. அதனால் அந்த நாலாவது இழுப்பை நீ உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. அதில் என் பங்குதான் பெரிசு. அது உன் பாரத்தைக் குறைக்குமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

இரண்டாவது. நீ ஏப்ரலில் கேட்டதற்குப் பதில். அன்றைக்குக் கடையில் யாரும் சிரிக்கவில்லை.

என் பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாலு பேர் அங்கே நின்றிருந்தார்கள். நீ சத்தமாகப் பென்சில் கேட்டாய். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகிவிட்டது. பதினாறு வயது. நீ இனிமேல் எனக்குப் பக்கத்தில் நின்று பேசக்கூடாது என்று தோன்றியது, வெளியே வந்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உனக்குத்தான் கேட்காதே, நான் சொன்னதுதானே உனக்கு உலகம்! கடைக்காரர் மிட்டாயை நீட்டும்போது, "பாப்பா எவ்வளவு தெளிவா கேக்குது பாரு" என்றுதான் சொன்னார். நீ அதைச் சாக்கடையில் போட்டபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு முறையும் உனக்காகக் கடையில் நான் பேசினேன். அது பாசம் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய்.

இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டுத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். சிக்னல்காரர் தூரத்திலிருந்து கையைக் காட்டி என்ன என்று கேட்டார். என் தங்கச்சி பேசினாள் என்றேன்.

நைலான் கயிற்றை வெளியே எடு. எதிர் ஜன்னலில் யாரும் இல்லாவிட்டாலும் மெக்கானிக் வீடு பக்கத்தில்தான் இருக்கிறது, அவருக்குக் காதும் கையும் நன்றாகவே இருக்கின்றன. அங்கே கட்டு. நிறுத்தாமல் இழுத்தால் ஆபத்து என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். லாரியும் வேனும் அதற்கப்புறம்.

நாளைக்கும் பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் பேசு. பேசி முடித்ததும் எனக்குப் போடு. என்னைத் திட்டவேண்டுமானால் திட்டு, நான் இடையில் பேசமாட்டேன். திரையை மட்டும் பார்த்துக்கொள். நொடி ஓடினால் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

அண்ணன்